அறுபத்தோராம் பக்கத்துப் படம்

படத்தில் ஐந்து இசைக்கலைஞர்கள் தெருவோரமாக நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். எழுதியதைத் தன் குரலிலேயே பதிவு செய்து, பதிவை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பக்கத்தையும் திறந்துவிட்டாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கைத்தடி தட்டும் சத்தம் நடைவழியில் நெருங்கி வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றது.

"வாசிக்கிறாங்கன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அக்கா.

அது பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகங்களைக் குரலாக்கித் தரும் நூலகம். எழுத்தைப் படித்துப் பதிவு செய்ய நல்ல குரல்வளம் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். படங்களைச் சொல்வதற்கு அவள் ஒருத்திதான். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. இடமிருந்து வலம், கிட்டத்திலிருந்து தூரம், கண்ணுக்குத் தெரிவது மட்டும். 'சோகமாக இருக்கிறார்' என்று எழுதக் கூடாது. 'வாயின் இரண்டு ஓரமும் கீழே இறங்கியிருக்கின்றன' என்று எழுத வேண்டும். அது சோகமா பல்வலியா என்பதைக் கேட்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் சொல்கிற படம் மனதில் சரியாக எழும்புகிறதா என்று கேட்டுப் பார்ப்பது அவர் வேலை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் படத்தில் நாற்காலி மூன்றுதான் சொல்லப்பட்டிருந்தால் அக்கா விடமாட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலகத்தில் பாம்புச்செவி என்று ஒரு பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செவியாலேயே அதையும் கேட்டுவிட்டார். அதிலிருந்து தொலைபேசியை எடுத்தாலே, "பாம்புச்செவி பேசுறேன்" என்பார்.

வயலின் வில் கம்பியைத் தொடுகிறதா என்று அக்கா கேட்டார். அவள் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். தொடவில்லை. கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. டிரம்பெட் உதட்டில் இருக்கிறதா? இல்லை, மோவாய்க்குக் கீழே இறங்கியிருந்தது. அக்கார்டியன் முழுக்க மூடியிருந்தது. டிரம்காரரின் இரண்டு குச்சிகளும் தூக்கியபடி நின்றன. பாடும் பெண்ணின் வாய் மூடியிருந்தது.

பாட்டு முடிந்திருக்கும் என்றாள் அவள். முடிந்தால் யாராவது கைதட்டுவார்களே, தட்டுகிறார்களா என்றார் அக்கா. அவள் படத்தில் சுற்றி நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். யாரும் தட்டவில்லை. சரி, அவசரமில்லை, திருப்பி எழுது என்று சொல்லிவிட்டு அக்கா தடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு வருடத்தில் அவள் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. ஆனால் இரண்டு வருடமாகவே அவள் கை எழுதிக்கொண்டிருந்தது, அவள் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரக் காய்ச்சலில் கணவருக்கு இரண்டு காதும் போயிற்று. அவர் ஓட்டல்களிலும் கல்யாணங்களிலும் கிளாரினெட் வாசித்தவர். சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாள் பார்ப்போம் என்று சொன்னது அவள். அந்த இரண்டு நாளில்தான் நரம்பு செத்தது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அன்று அழுதாள். அதற்கப்புறம் அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஊசி போட்ட பல்வரிசை போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. இவருக்கு மறுபடி ஒரே ஒரு பாட்டு கேட்டால் போதும், அதற்கு என்ன வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்று மட்டும் எப்போதாவது நினைப்பாள்.

மத்தியானம் முழுக்க அந்தப் படத்தோடு உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. பல ஊர்த் தெருக்களைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்த படங்களின் தொகுப்பு அந்தப் புத்தகம். அறுபத்தோராம் பக்கத்தில் மட்டும் அடியில், எடுத்தவர் பெயர் கிடைக்கவில்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்த தெரு. பின்னால் ஒரு சலூன். அதன் வாசலில் கழுத்தில் துண்டோடு, பாதி சவரத்தில் எழுந்து வந்துவிட்ட ஒருவர். தரையில் திறந்து கிடக்கும் வயலின் பெட்டி. ஒரு காலை ஊன்றி சைக்கிளில் நிற்கும் ஆள். ஐஸ்கிரீம் வைத்திருக்கும் பெண். விரலிடுக்கில் சிகரெட்டோடு ஒரு தொப்பிக்காரர். சட்டென்று ஒரு நொடியில் எடுத்த படம் என்று பார்த்ததுமே தெரிந்தது; யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, யாரும் தலையைச் சீர்படுத்திக்கொள்ளவில்லை.

தொப்பிக்காரரின் சிகரெட்டில்தான் பூதக்கண்ணாடி முதலில் நின்றது. சிகரெட் இல்லை அது. விரல் வரைக்கும் எரிந்து முடிந்த சாம்பல், உதிராமல், வளைந்து, முழு நீளத்துக்கு நின்றது. கையை ஒரு நூல் அசைத்திருந்தாலும் விழுந்திருக்கும். அந்தப் பெண்ணின் கையில் இருந்தது வெறும் கூம்பு. ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடி, அங்கேயே காய்ந்து கோடாகியிருந்தது. பாதி சவரத்தில் வந்தவர் முகத்தில் நுரை நுரையாக இல்லை. காய்ந்து, வெடித்து, சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போல் பெயர்ந்திருந்தது.

ஒரு நொடியில் எடுத்த படம்தான். ஆனால் அதில் இருந்தவர்கள் அப்படியே நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். பயமாக இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். எழுதியது பாதியில் நிற்கவே, புத்தகத்தைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீடு இரண்டாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்க்கும் ஒரு ஜன்னல். சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டு எப்போதும் கிடக்கும். அவர் பேசுவார், அவள் எழுதுவாள். முதல் மாதம் பக்கம் பக்கமாக எழுதினாள். இப்போது நோட்டில் பால், பல்பு, கேஸ் என்றுதான் இருந்தது. அவர் இப்போது ஒரு குடோனில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். கிளாரினெட்டைப் பழைய நண்பர் ஒருவரிடம் கொடுத்து நாளாயிற்று.

அன்று சாயங்காலம் அவள் மேஜையில் படத்தை விரித்து வைத்திருந்ததை அவர் பின்னால் நின்று பார்த்தார். வெகுநாளைக்கப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பார்த்தது விரல்களை. வயலின்காரரின் இடது கை விரல்களையும் டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களையும் கண்ணாடி வழியாக மாறி மாறிப் பார்த்தார்.

"பாட்டு முடியல," என்றார். காது போனதிலிருந்து அவர் குரலில் ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. "நடுவுல நிறுத்தியிருக்காங்க. அஞ்சு பேரும் ஒரே இடத்துல."

ஏன் நிறுத்துவார்கள் என்று அவள் நோட்டில் எழுதினாள்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "பக்கத்துல யாராவது நம்மள விட நல்லா வாசிச்சா நிறுத்திருவோம். வேற எதுக்கும் நிறுத்த மாட்டோம்."

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் தட்டில் விழும் சத்தம், கீழ்வீட்டுத் தொலைக்காட்சி, தெருவில் ஒரு வண்டி கிளம்ப மாட்டேன் என்று இருமும் சத்தம், எல்லாம் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தன. பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"ஏதோ கேக்குது," என்றார் கணவர்.

அவள் கையில் இருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. ஈரக் கையோடு ஓடிவந்து, என்ன கேக்குது என்று நோட்டில் எழுதினாள். எழுத்து தண்ணீரில் கலைந்தது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை, கிட்டத்தில்தான் இருக்கிறது என்றார். பாட்டு மாதிரி, ஆனால் பாட்டு இல்லை என்றார். அவள் அவர் தலைக்குப் பின்னால் போய்க் கைதட்டினாள். அசையவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இரும்புக் கரண்டியால் மேஜையில் ஓங்கித் தட்டினாள். அவருக்கு அது எதுவும் கேட்கவில்லை. கேட்டது அந்த ஒன்று மட்டும்.

அவர் முகத்தில் புன்னகை இருந்தது. இரண்டு வருடத்தில் அவள் பார்க்காத புன்னகை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் பக்கத்து வீட்டு விசேஷம் போல, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. நாளைக்கே மருத்துவரிடம் போகலாம் என்று எழுதிக் காட்டினாள். அவர் நோட்டைப் பார்க்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சுவரைப் பார்த்துத்தான் தூங்குவார். காலையில் அவள் கண் விழித்தபோது அவர் அவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகம் அவளைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தது. காது மட்டும் அவள் தலையணைக்கு வெகு அருகே இருந்தது. கண்கள் திறந்திருந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவள் எழுந்ததும் கூடவே எழுந்தார், அவள் பல் விளக்கியபோது கதவருகே நின்றார், அவள் செருப்பைப் போடும்போது வேலைக்குப் போகாதே என்றார். இன்று மாலை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அவர் நின்றிருந்தார். கையசைத்தாள். அவர் அசைக்கவில்லை. தலை சாய்ந்திருந்தது.

அலுவலகத்தில் விவரிப்பை முதலிலிருந்து எழுதினாள். சாம்பல், கூம்பு, காய்ந்த நுரை, கம்பியைத் தொடாத வில். எல்லாம் எழுதினாள். எழுதி முடித்து ஒலிப்பதிவு அறைக்குப் போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் வாயாடி. யார் வந்தாலும் ஏதாவது சொல்லி வம்புக்கு இழுக்காமல் பொத்தானை அழுத்தமாட்டார். இன்றும், படத்தில் ஆள் கூடிவிட்டதா என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த அறையில் சத்தமே இருக்காது. சுவரெல்லாம் பஞ்சு, தரையில் தடித்த விரிப்பு, கதவு மூடினால் தன் காதின் இரைச்சலே தனக்குக் கேட்கும். அவள் படித்தாள். இரண்டே நிமிடம். கடைசி வரி முடிந்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஒலிப்பதிவாளர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். விரல் பொத்தானுக்கு மேலே, தொடாமல் நின்றது.

கண்ணாடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மோதிரத்தால் ஓங்கித் தட்டினாள். அவர் மெதுவாக விழித்துக்கொண்டவர் போலப் பார்த்தார்.

"முடிஞ்சப்புறம்தான் நல்லா இருந்துச்சு," என்றார். கிண்டல் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

ஹெட்போனை வாங்கி அவளும் கேட்டுப் பார்த்தாள். அவள் குரல். கடைசி வரி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வெறும் அமைதி பதினேழு நிமிடம் பதிவாகியிருந்தது. பதினேழு நிமிடமா உள்ளே நின்றோம்? அவளுக்கு ஒரு நிமிடம் போலத்தான் இருந்தது.

பதிவு அக்காவுக்குப் போயிற்று. அக்கா எப்போதும் இரண்டு முறை கேட்பார், சந்தேகம் இருந்தால் மூன்று முறை. அவள் மேஜைக்குத் திரும்பிக் காத்திருந்தாள். தடிச் சத்தம் வரவில்லை. சாப்பாட்டு வேளை தாண்டியும் வரவில்லை. பிறகு நடைவழியில் யாரோ அவசரமாகப் பேசும் குரல் கேட்டது.

அக்கா நடைவழியில் சுவரோடு சுவராக நின்றிருந்தார். தடி கீழே கிடந்தது. ஒரு காதும் ஒரு கன்னமும் சுவரில் அழுந்தியிருந்தன. மேலாளர் தோளைத் தொட்டுப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார், அவசர வண்டிக்கும் சொல்லிவிட்டார். அக்கா மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தார். வாயோரம் எச்சில் வழிந்து உலர்ந்திருந்தது. புன்னகை இருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்று, "அக்கா" என்றாள்.

அக்காவின் தலை சுவரைவிட்டு வந்தது. மெதுவாகத் திரும்பியது. முகம் அல்ல, காது. அவள் நின்ற பக்கத்துக்குக் காது வந்து நின்றது.

அந்தச் சுவருக்கு மறுபுறம் இருப்பது அவள் மேஜை.

அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கைகால் எல்லாம் விறைத்திருந்ததால் நாலு பேர் வேண்டியிருந்தது. அவள் மேஜைக்கு வந்து புத்தகத்தைத் திறந்தாள். திறக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் பதினோரு வருடப் பழக்கம். தெரியாததைப் பார்த்தால்தான் தெரியும். இடமிருந்து வலம். கிட்டத்திலிருந்து தூரம். சைக்கிள்காரர் முகம் வலப்பக்கம். தொப்பிக்காரர் முகம் இடப்பக்கம். பாடும் பெண் தலை குனிந்து, சாய்ந்து. யாரும் கேமராவைப் பார்க்கவில்லை என்று அவளே எழுதியிருந்தாள். சரிதான். பார்க்கவில்லை. ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தது, ஒரு காது முன்னால் வரும்படி.

வயலின்காரர் காது. டிரம்காரர் காது. சலூன் வாசலில் நுரைக்கு நடுவே ஒரு காது. தூரத்தில், தெருவின் கடைசியில், புள்ளியளவு ஆட்கள். பூதக்கண்ணாடி வைத்தாள். அவர்களுக்கும்.

எல்லாக் காதும் படம் எடுத்தவரின் பக்கம். இப்போது படத்தைப் பார்க்கிறவளின் பக்கம்.

புத்தகத்தை மூடினாள். அறையில் தட்டச்சு ஓடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மேஜைக்காரர் கையை அப்படியே வைத்திருந்தார். எதிர் மேஜைப் பெண் பாதி திறந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தபடி இருந்தாள். தண்ணீர் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. யாரும் இவளைப் பார்க்கவில்லை.

அவள் பையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள். தொலைபேசி அடித்தது; கை பாட்டுக்கு அதைக் காதில் வைத்தது. அக்காவோடு போன மேலாளர்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில், பெரிய திருப்பம் தாண்டியதுமே அக்காவுக்கு நினைவு வந்துவிட்டதாம்.

"வந்ததும் அழுவுறாங்கம்மா. என்னை ஏன் தள்ளிக் கொண்டுவந்தீங்கன்னு கத்துறாங்க. வண்டியை நிறுத்தி, தடிகூட இல்லாம இறங்கித் திரும்பி நடக்குறாங்க. புடிச்சா கடிக்கிறாங்க. உன் வீட்டு அட்ரஸ் கேக்குறாங்க. எதுக்கும்மா?"

கேட்டுக்கொண்டே இருந்தாள். மேலாளரும் பேச்சை நிறுத்திவிட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் தொலைபேசியில் வந்தது. இணைப்பைத் துண்டித்தாள்.

பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, இரண்டு பேர் எதற்கோ சண்டை போட்டார்கள், டீசல் வாடையும் ஈரத்துணி வாடையும் கலந்து அடித்தது. இரண்டாவது நிறுத்தத்தில் சண்டை நின்றது. மூன்றாவதில் குழந்தை நிறுத்தியது. அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வேகம் குறைந்து, நடுச்சாலையில், நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது. ஓட்டுநரின் பின்கழுத்து சாய்வதை அவள் பார்த்தாள். கதவைத் தள்ளித் திறந்து இறங்கினாள். ஓடினாள்.

ஓடும்போது யோசித்தாள். தள்ளிப் போனால் அவர்களுக்குத் தெளிகிறது. அப்படியென்றால் அவள் போய்விடலாம். யாருமில்லாத இடத்துக்கு. ஆனால் அவர்? அவள் போய்விட்டால் அவருக்கு மறுபடி ஒன்றும் கேட்காது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாள் நினைவுக்கு வந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதி வைத்துவிட்டுப் போகலாம். ஒரே ஒருமுறை.

தெருவில் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். பஸ் ஆட்கள். தெரு நீளத்துக்கு. அசையாமல் நின்றார்கள். திரும்பிக்கொண்டு நடந்தாள். மறுபடி பார்த்தாள். அசையாமல்தான் நின்றார்கள். முன்னைவிடக் கிட்டத்தில்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கணவர் வாசலுக்கு நேராக நின்றார். காலையில் போட்டிருந்த அதே சட்டை. காலடியில் தரை ஈரமாக இருந்தது. அவளுக்காகக் காத்து நின்றவர் கழிவறைக்குக்கூட நகரவில்லை. முகம் சுவரைப் பார்த்தது. காது அவளை.

அவள் இடப்பக்கம் ஓரடி வைத்தாள். காது கூடவே வந்தது. வலப்பக்கம். வந்தது.

"என்னங்க," என்றாள். "என்ன கேக்குது? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவருக்கு அவள் குரல் கேட்கவில்லை. நெருங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் காது வாயிடம் போகவில்லை. தோளிடம் வந்தது, தொண்டையைத் தாண்டியது; அவர் மண்டியிட்டு அவள் விலாவுக்குக் கீழே வயிற்றில் காதை அழுத்திக்கொண்டார். இரண்டு கைகளாலும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

அவள் மூச்சை அடக்கினாள். பத்து எண்ணினாள். இருபது. அவர் விரல்கள் இறுகின. நாற்பதில் கண் இருண்டது. விலாவில் நகம் பதிந்தது, அவருடைய முதுகு குலுங்கியது.

"நிறுத்தாத," என்றார் அவர். அந்தக் குரலில் ஏற்றமும் இறக்கமும் திரும்ப வந்திருந்தன. "நிறுத்தாதம்மா."

அவள் மூச்சை விட்டாள். அவர் அழுகையை நிறுத்தினார்.

அவர் தலைமேல் கை வைத்தாள். முடி சூடாக இருந்தது. உள்ளே ஏதாவது கேட்கிறதா என்று தன்னைத்தானே கவனித்துப் பார்த்தாள். மரத்துத்தான் கிடந்தது. ஒன்றுமில்லை. சின்ன அதிர்வுகூட இல்லை. இவர்கள் எல்லோருக்கும் எங்கிருந்து, எது?

திறந்த கதவில் நிழல் விழுந்தது. அக்கா. தடி இல்லை. முழங்கால் இரண்டும் சிராய்ந்து, இரத்தத்தில் தூசி ஒட்டியிருந்தது. தடுமாறாமல் நேராக நடந்து வந்து, அவள் முதுகுப் பக்கம் நின்று, தோள்பட்டைகளுக்கு நடுவே காதை வைத்தார். அவர் பின்னால் கீழ்வீட்டுக்காரர். இடமில்லை. அவர் அக்காவின் முதுகில் காதை வைத்தார்.

அவர் முதுகில் ஒரு பெண். அந்தப் பெண்ணின் முதுகில் பஸ் ஓட்டுநர், சீருடையோடு. அறையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து படிக்கட்டுக்கு, ஒருவர் முதுகில் ஒருவர் காது. யாரும் தள்ளவில்லை. யாரும் பேசவில்லை. அவளால் திரும்ப முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தெரு மட்டும் தெரிந்தது. அங்கும் வரிசை. குனிந்த தலைகள், சாய்ந்த தலைகள், அழுகையை நிறுத்திய அந்தக் குழந்தை, அதைத் தூக்கியிருந்தவரின் கன்னம் முன்னால் நின்றவரின் முதுகில். தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. வரிசை திருப்பத்தில் வளைந்து கண்ணுக்கு மறைந்தது. அந்தத் திருப்பத்தில், சற்றுத் தள்ளி, வரிசையில் சேராமல் யாரோ ஒருவர் நின்று கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.